நெடுந்தொலை இலக்கும் துப்பாக்கித் தேர்வும்

கோலாலம்பூர் மாநகரில் 'ஜாலான் பாடாங் தெம்பாக்' என்றொரு சாலை உண்டு. தற்காப்பு அமைச்சின் முகவரியில் இடம்பெறும் சாலை அது. ஒருமுறை எம் பள்ளி மாணவரைக் கல்விச் சுற்றுலாவிற்கு அழைத்துச் சென்றபோது, அவ்வழியே பேருந்து செல்லுகையில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "ஐயா, தெம்பாக் என்றால் சுடுவதுதானே? யார், யாரைச் சுட்டார்கள்?" என்று வினவினான். பாடாங் என்பது திடல். தெம்பாக் என்பது சுடுதல். குறிபார்த்துச் சுடப் பழகுவதற்கென ஒதுக்கப்பட்ட திடல் அங்கே இருந்தது என்று மட்டும் விடை கூறினேன். பினாங்கில் ஆயர் ஈத்தாமிலும் இதே பெயரில் ஓர் இடம் உண்டு. 1960களின் இறுதியில் எழுந்த அடுக்குமாடி வீடுகள் இன்றும் 'ரைபிள் ரேஞ்ச்' வீடுகள் என்றே வழங்குகின்றன. அந்த மாணவனின் வினாவோ என்னை விட்டபாடில்லை. அத்திடல்களில் எவ்வகைத் துப்பாக்கியால் சுட்டனர்? ஏன் அதைத் தேர்ந்தனர்? தேர்ந்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

துப்பாக்கி என்னும் சொல்லைக் கேட்டதும் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தை நினைவுகூர்ந்து, வள்ளுவர் காலத்திலேயே நம்மிடம் துப்பாக்கி இருந்தது என்று மேடையில் முழங்குவோர் உளர். அங்கே அச்சொல் உணவை ஆக்கி என்று பொருள்படும். மழையைப் பற்றிய பேச்சு அது. நாம் இன்று கையாளும் துப்பாக்கி என்னும் சொல் துருக்கியரிடமிருந்து வந்தது. தமிழ்ப்பற்றுக்கு இதனால் இழுக்கொன்றும் இல்லை.

துப்பாக்கிகளுள் ரைபிள் என்பது குழலின் உட்புறத்தில் திருகு வடிவில் வரிப்பள்ளங்கள் வெட்டப்பெற்றது. பள்ளங்களைப் பற்றிக்கொண்டு வெளிப்படும் குண்டு பம்பரம்போற் சுழன்று செல்லும். சுழலும் பம்பரம் சாயாதிருப்பது போலவே சுழலும் குண்டும் தலைகீழாய்ப் புரளாமல் முனை முன்னோக்கியே பறக்கும். பள்ளமற்ற பழைய குழலிலிருந்து புறப்பட்ட உருண்டைக் குண்டு நூறு கெஜத்திற்கு அப்பால் எங்கு விழும் என்பதை எவராலும் உறுதிகூற இயலாது. ஆகவே நெடுந்தொலை இலக்குச் சுடுதலின் வரலாறு வரிப்பள்ளத்தின் வரலாறே எனலாம்.

அவ்வரலாற்றில் முதன்மையான ஆண்டுகள் 1853 முதல் 1860 வரையிலானவை. 1853ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை ஏற்றுக்கொண்ட என்பீல்ட் ரைபிளின் குழல் அளவு .577 அங்குலம். அதன் வரிப்பள்ளம் 78 அங்குல நீளத்திற்கு ஒரு சுற்றுச் சுற்றும். மான்செஸ்டர் நகரத்துப் பொறியாளர் சோசப் விட்வொர்த் என்பார் அரசின் வேண்டுகோளுக்கிணங்கிப் பல சோதனைகள் நடத்தி, குழலைச் சிறிதாக்கினால்தான் தொலைவு கூடும் என்று கண்டார். அவர் அமைத்த குழல் .451 அங்குலம்; அறுகோண வடிவம்; 20 அங்குலத்திற்கு ஒரு சுற்று. 1857இல் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் விட்வொர்த் ரைபிள் என்பீல்டை வெகு எளிதாக வென்றது. பெரிய குழலே பெருந்தொலைவு செல்லும் என்பது பாமரர் எண்ணம். ஒரே எடையுள்ள ஈயத்தைச் சிறிய விட்டத்தில் நீளமாக வார்த்து, நீண்ட அக்குண்டு நிலைகுலையாதவாறு விரைந்து சுழலச் செய்தால், காற்று அதனைத் தடுப்பது குறையும் என்பதே விட்வொர்த் கண்ட உண்மை. பின்னர் 1879இல் உல்விச் கல்விக்கூடத்துக் கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் இதற்கொரு வாய்பாடே வகுத்தார். குண்டின் விட்டத்தைத் தன்னோடு பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்திற்கு ஒரு சுற்றுத் தேவை என்பது புலப்படும். நீளம் கூடக் கூடச் சுற்று நெருக்கமாக வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவனும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு.

எனினும் விட்வொர்த் ரைபிளைப் படை ஏற்கவில்லை. விலை பன்மடங்கு அதிகம். கருமருந்தின் கரி படிந்தால் குழல் விரைவில் அடைத்துக்கொள்ளும். போர்க்களத்திற்கு ஆகாத அந்தக் கருவி இலக்குத் திடலுக்கு அரசியாயிற்று. 1860ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் இலண்டனை அடுத்த விம்பிள்டனில் இங்கிலாந்தின் தேசிய ரைபிள் சங்கம் தன் முதற்போட்டியைத் தொடங்கியபோது, தாங்கியில் பொருத்தப்பட்டிருந்த விட்வொர்த் ரைபிளின் கயிற்றை விக்டோரியா மகாராணியார் இழுத்தார். 400 கெஜத் தொலைவில் குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குல அளவே விலகிப் பாய்ந்தது. தாங்கியில் முன்கூட்டியே குறிபார்த்து வைக்கப்பட்ட துப்பாக்கிக்கு அரசியார் விரல் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது! அப்போட்டியின் இறுதிச் சுற்று 800, 900, 1,000 கெஜத் தொலைவுகளில் விட்வொர்த் ரைபிளாலேயே நடந்தது. அன்று தொடங்கி 1,000 கெஜம், அஃதாவது 914 மீட்டர், நெடுந்தொலைச் சுடுதலுக்கு உரைகல்லாக நிலைத்துவிட்டது.

விட்வொர்த் என்பீல்டை வென்ற அதே 1857இல் அந்த என்பீல்டின் தோட்டாவைப் பற்றி இந்தியாவில் என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிவோம். கொழுப்புத் தடவிய தோட்டா உறையைப் பல்லால் கிழிக்க மறுத்த சிப்பாய்களின் கிளர்ச்சி பெரும்போராய் மூண்டது. அது அடங்கியபின் ஆங்கிலேயர் செய்த முதற்காரியங்களுள் ஒன்று, இந்தியச் சிப்பாய்களுக்கு வரிப்பள்ளமற்ற குழலையே மீண்டும் வழங்கியது. வெளித்தோற்றம் என்பீல்டினது, உள்ளே வழுவழுப்பான குழல். ஆங்கிலச் சிப்பாயின் குண்டு எட்டும் தொலைவை இந்தியச் சிப்பாயின் குண்டு எட்டலாகாது என்பதே அதன் கருத்து. அதன் பின்னரும் ஒரு தலைமுறைத் துப்பாக்கி பின்தங்கியே அவர்கள் கைக்கு வந்தது. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் குடிமக்களுக்கும் தளையிட்டது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டில் அச்சட்டத்திற்கு எதிராகக் குரல் எழுந்தது. பிற்காலத்தில் படையின் குழல் அளவாகிய .303 குடிமக்களுக்கு விலக்கப்பட்டதால், வேட்டைக்கும் தற்காப்பிற்கும் .315 அளவில் தனியொரு ரைபிளும் தோட்டாவும் இந்தியாவில் புழங்கலாயின. இன்றும் இச்சாப்பூர்த் தொழிற்சாலையின் .315 ரைபிள் அங்குப் பெயர் பெற்றது. அதன் குழல் அளவைத் தேர்ந்தது காற்றியலும் அன்று, கணிதமும் அன்று, சட்டமே தேர்ந்தது.

இதற்கிடையே அமெரிக்காவில் ஒரு போட்டி நடந்தது. 1874ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த கிரீட்மோர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1,000 கெஜத் தொலைவுகளில் மோதின. அயர்லாந்தார் கொணர்ந்தவை ரிக்பி என்பார் செய்த, குழல் வாய்வழி மருந்திடும் பழைய வகை ரைபிள்கள். அமெரிக்கர் கையிலிருந்தவை ரெமிங்டன், சார்ப்ஸ் நிறுவனங்களின், பின்புறம் திறந்து தோட்டா இடும் புதுவகை. பின்புறம் திறப்பது நெடுந்தொலைவிற்கு ஆகாது என்பது அக்கால வல்லுநரின் துணிபு. முடிவில் அமெரிக்கர் 934, அயர்லாந்தார் 931. அயர்லாந்து வீரர் ஒருவர் நடுப்புள்ளியைத் துளைத்தார். ஆனால் அது பக்கத்து இலக்கின் நடுப்புள்ளி! அந்தத் தோட்டாவிற்குச் சுழியம் கிடைத்தது. மூன்றே புள்ளியில் தோற்ற அணிக்கு அந்தச் சுழியம் எவ்வளவு கசந்திருக்கும் என்பதை, வினாத்தாளின் தவறான கட்டத்தில் சரியான விடை எழுதிய மாணவரைக் கண்ட ஆசிரியர் அறிவர்.

பின்னர் வந்தவற்றைச் சுருங்கக் கூறிவிடலாம். 1871இல் மார்ட்டினி-என்றி; .450 அளவு, 480 கிரெயின் எடையுள்ள ஈயக்குண்டு, தோளை நொறுக்கும் உதைப்பு. 1888இல் குழல் அளவு .303 ஆகச் சுருங்கியது. சில ஆண்டுகளில் கருமருந்து போய்ப் புகையற்ற கார்டைட்டு வந்தது. மழுங்கிய முனையுடைய 215 கிரெயின் குண்டு போதிய அளவு எதிரியை வீழ்த்தவில்லை என்று கூறி, கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் முனை விரியும் குண்டு செய்தனர். 1899ஆம் ஆண்டு ஏகு மாநாடு அத்தகைய குண்டுகளுக்குத் தடை விதித்தது. 1910இல் 174 கிரெயின் எடையுள்ள கூர்முனைக் குண்டு வந்தது. நொடிக்கு ஏறத்தாழ 2,440 அடி விரைவு. மக்கள் வாயில் 'திரீ நாட் திரீ' என்று அரை நூற்றாண்டு ஒலித்தது இதுவே.

மலாயாவிற்கு வருவோம். 1896இல் மலாய் மாநிலக் காவற்படை அமைந்தது. அதில் பெரும்பாலோர் சீக்கியர். 1902இல் ஐரோப்பியரைக் கொண்ட மலாய் மாநிலத் தன்னார்வ ரைபிள் படை அமைந்தது. குறிசுடுதல் அன்று துரைமாரின் விளையாட்டு. சிங்கப்பூர், ஆங்காங், சாங்காய் ஆகிய துறைமுக நகரங்களின் அணிகள் தத்தம் திடலிலேயே சுட்டு, புள்ளிகளைத் தந்தியில் அறிவித்துப் போட்டியிட்ட வழக்கமும் இருந்தது. புகைவண்டியும் கப்பலும் ஏறாமலேயே நடந்த போட்டி!

தமிழர் அத்திடலில் எங்கிருந்தனர்? என் பாட்டனார் வாயிலாக நான் அறிந்ததைக் கூறுகிறேன். பிரிக்பீல்ட்சு வரிசை வீடொன்றில் குடியிருந்த அவர், உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் பொதுப்பணிக் கூலியாகச் சுடுதிடலில் புல் வெட்டியவர். சுடும் நாட்களில் இலக்குக்குக் கீழே உள்ள பள்ளத்தில் நின்று, தட்டியை ஏற்றி இறக்கி, குண்டு பாய்ந்த துளையைத் தாளால் ஒட்டி, நீண்ட கழியின் முனையிலுள்ள வட்டத்தைத் தூக்கி இன்ன இடத்தில் பட்டது என்று காட்டுவதும் அவர் வேலை. தலைக்கு மேல் இரண்டு முழத்தில் குண்டு பறக்கும். எழுதப் படிக்கத் தெரியாத அவர் குண்டின் தரத்தைக் காதால் அளந்தார். "நல்ல குண்டு சாட்டையடி மாதிரிப் படீர்னு கிழிச்சிக்கிட்டுப் போகும், அலுத்துப்போன குண்டு முனகிக்கிட்டு வரும், அது எங்கே படும்னு சொல்ல முடியாது" என்பார்.

கிழவர் கதை என்று நான் சிறுவயதில் சிரித்ததுண்டு. பிற்காலத்தில் படித்தபோதுதான் அதன் பொருள் விளங்கிற்று. ஒலியின் விரைவை மிஞ்சிப் பறக்கும் குண்டு காற்றில் அதிர்வலையை எழுப்பும். அதுவே சாட்டையடி ஓசை. தொலைவு கூடக் கூட விரைவு தணிந்து, ஒலியின் விரைவுக்குக் கீழே இறங்கும் கட்டத்தில் குண்டு தடுமாறும்; சில குண்டுகள் நிலைபெறும், சில ஆடி அலையும். நெடுந்தொலைச் சுடுதலுக்கெனக் குழல் அளவும் குண்டும் தேர்வோர் இன்றும் முதலில் கேட்கும் வினா இதுதான்: இலக்கை அடையும் வரையில் என் குண்டு ஒலியை முந்திக்கொண்டே இருக்குமா? கூர்முனை .303 குண்டு ஆயிரம் கெஜத்தை நெருங்கும்போது இந்த எல்லையில்தான் தள்ளாடியது.

பாட்டனார் கூறிய மற்றொன்று, சுட்டு முடிந்ததும் ரைபிள் குழலுக்குள் கொதிநீர் ஊற்றுவது. அக்காலத் தோட்டாவின் அடியிலிருந்த தீப்பற்றும் மருந்து எரிந்தபின் ஒருவகை உப்பை விட்டுச்செல்லும். உப்பு ஈரத்தை ஈர்க்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் ஒரே இரவில் குழல் துருவேறிவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, நீரே கரைக்கும். குளிர்நாட்டு நூல் படித்து எண்ணெய் மட்டும் பூசிய துரைமாரின் குழல்கள் என்ன ஆயினவோ!

அந்த .303 இலீ-என்பீல்டில் ஒரு விந்தை உண்டு. அதன் பூட்டுக் கட்டைகள் பின்புறம் அமைந்தவை. சுடும்போது உடற்பகுதி சற்று வளைந்து, குழல் நுனி மேல்நோக்கித் துள்ளும். விரைவு குறைந்த தோட்டாவின் குண்டு சற்றுத் தாமதமாக, நுனி மேலும் உயர்ந்த நேரத்தில் வெளியேறும். குறைந்த தொலைவில் இது குறையே. குண்டுகள் மேலும் கீழுமாய்ச் சிதறும். ஆனால் 900, 1,000 கெஜத்தில், மெதுவாகச் செல்லும் குண்டு கூடுதலாகத் தாழ வேண்டியது, முன்னரே உயர்த்தி எறியப்பட்டதால் ஈடுசெய்யப்பட்டு மற்றக் குண்டுகளோடு வந்து சேரும். ஆகவே அருகே சுடும்போது விறைப்பான வேறு ரைபிளையும், தொலைவில் சுடும்போது இந்த நெகிழ்வான ரைபிளையும் தேர்ந்த வல்லுநர் இருந்தனர். ஒரு தொலைவிற்கு நல்லது மறு தொலைவிற்கு நல்லதாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடையாது.

1954இல் மேலை நாடுகளின் கூட்டணி 7.62 மில்லிமீட்டரைப் பொது அளவாக ஏற்றது. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பிசுலி திடலும் .303ஐ விட்டு அதற்கு மாறியது. பிசுலி மரபைப் பின்பற்றும் போட்டிகளில் இன்றும் அதுவே முதன்மையானது. 2007இல் ஓர்னடி நிறுவனம் 6.5 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றை வெளியிட்டு, அதற்கு அந்தப் பழைய திடலின் பெயரையே, கிரீட்மோர் என்று சூட்டியது. மணிக்குப் பத்து மைல் வீசும் பக்கக் காற்று, ஆயிரம் கெஜத்தில் 7.62 குண்டை ஏறத்தாழ ஏழடி தள்ளும், 6.5 குண்டை ஐந்தரை அடி அளவே தள்ளும். நடுவட்டமோ ஏறத்தாழ இரண்டடி விட்டமுடையது. ஆகக் காற்றை மதிப்பிடுவதில் பிழை நேரின், சிறிய குழலே அப்பிழையைப் பெரிதும் பொறுத்துக்கொள்கிறது. விட்வொர்த் 1857இல் கண்டது 150 ஆண்டுகள் கழித்தும் மெய்யாயிற்று. இதனினும் பெரிய மருந்தறையுடைய தோட்டாக்கள் உள. அவை இன்னும் நேராகச் செல்லும். ஆயின் தோளை வருத்தும், குழலை விரைவில் அரித்துவிடும். நாளொன்றுக்கு ஐம்பது அறுபது முறை சுடுபவர்க்கு உதைப்புத் தாங்காமல் கண் தானாகவே மூடிக்கொள்ளும். அதன்பின் எந்தக் குழல் அளவும் உதவாது.

நம் நாட்டுத் தட்பவெப்பமும் இத்தேர்வில் கலந்துகொள்கிறது. வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. ஈரக் காற்று கனமானது என்று பலர் எண்ணுகின்றனர். நீராவி உலர்ந்த காற்றினும் இலேசானது என்பதே அறிவியல். எனவே கோலாலம்பூரில் குண்டு, பிசுலியினும் சற்றுத் தாழாமல் பறக்கும். வெயிலில் கிடந்த தோட்டா கூடுதல் விரைவுடன் வெடிக்கும். முற்பகல் பத்து மணிக்கெல்லாம் கானல் எழுந்து இலக்கு நீரில் மிதப்பதுபோல் ஆடும். பிற்பகலில் மழை.

எனக்கு இத்துறையில் இருக்கும் சொந்தப் பட்டறிவு மிகச் சிறிது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் சீருடை இயக்கப் பயிற்சிக்காக ஒரு திடலில் .22 ரைபிளால் 25 மீட்டரில் பத்துத் தோட்டா சுட்டேன். ஆறு தாளில் பட்டன. நான்கு எங்கே போயின என்று பயிற்றுநர் கேட்கவில்லை, நானும் கூறவில்லை. போவர் போரையொட்டி, 1901 முதல், இங்கிலாந்தில் சிறுகுழல் ரைபிள் மன்றங்கள் பெருகியது இக்காரணம் பற்றியே: செலவு குறைவு, உதைப்பு இல்லை, மூச்சும் விரலும் முதலில் பழகும். நெடுந்தொலைச் சுடுதலை விழைவோர் இங்கும் மன்றம் ஒன்றில் சேர்ந்து .22இல் தொடங்குவதே முறை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் குற்றம். எனவே கடையில் விரும்பியதைத் தேரும் உரிமை நம்மவர்க்கு மிகக் குறுகியது.

திடலில் புள்ளி எண்ணிய அதே .303, திடலுக்கு வெளியே என்ன செய்தது என்பதையும் சொல்லாமல் விடலாகாது. 1941ஆம் ஆண்டு மே திங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வும் மதிப்பும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஒருங்கிணைத்த ஆர்.எச். நாதன் கைதானதும் கிளர்ச்சி வலுத்தது. படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் குண்டடிபட்டு மாண்டனர். அங்கே குறிபார்க்க ஆயிரம் கெஜம் தேவைப்படவில்லை. இரண்டாண்டு கழித்து, 1943இல் நேதாசி சிங்கப்பூர் வந்தபின், அதே தோட்டங்களிலிருந்து இளைஞர் பலர் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்து, ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய ரைபிள்களை ஏந்தினர். பால்வெட்டுக் கத்தி பிடித்த கைகள் பலவற்றிற்கு அதுவே முதல் துப்பாக்கி. 1948இல் அவசரகாலம் பிறந்தபோது என் தாய்மாமன் தோட்டமொன்றில் சிறப்புக் காவலராகச் சேர்ந்தார், அவருக்கும்.303தான் கொடுத்தார்கள். சுட்டதைவிடத் துடைத்ததே அதிகம் என்பார்.

பாட்டனார் சுடுதிடலிலிருந்து வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து ஒரு பிசுக்கோத்துத் தகரத்தில் சேர்த்து வைத்திருந்தார். பித்தளை என்பதால் விலை போகும் என்ற எண்ணம். இடையிடையே மண்மேட்டில் தோண்டியெடுத்த குண்டுகளும் இருந்தனவாம். அவசரகாலச் சட்டத்தின்படி உரிமமின்றி வெடிமருந்துப் பொருள் வைத்திருப்போர்க்கு மரண தண்டனை என்ற செய்தி பிரிக்பீல்ட்சு முழுவதும் பரவிற்று. வெற்றுக்கூடு குற்றமா, இல்லையா என்று கேட்டறிய அவர்களுக்கு வழியில்லை. அன்றிரவே பாட்டி அந்தத் தகரத்தை முந்தானையில் மறைத்து எடுத்துச் சென்று கிள்ளான் ஆற்றில் போட்டுவிட்டு வந்தார். பத்தாண்டுச் சேமிப்புப் போயிற்றே என்று பாட்டனார் மூன்று நாள் பாட்டியிடம் பேசவில்லையாம்.